அயல்நாட்டுக் கல்வியும் அடையாளம் பற்றிய முன்முடிவுகளும்

பிறநாடு சென்று பயில்வோர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணங்கள் அங்கே எவ்வாறு சோதனைக்கு உள்ளாகின்றன என்பதே இக்கருத்தரங்கின் ஆய்வுப்பொருள். அடையாளம் என்பது ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் கருத்தும் பிறர் அவரை வகைப்படுத்தும் முறையும் சேர்ந்து உருவாவது. பழகிய சூழலில் இவ்விரண்டும் பிணைந்தே கிடப்பதால் அது பிறப்போடு வந்ததாகத் தோன்றுகிறது. அப்பிணைப்பு அவிழ்ந்த இடங்களுள் 1930களின் பாரிஸ் தலையாயது.

கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக் தீவு அப்போது பிரான்சின் காலனியாக இருந்தது. ஆயினும், 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோதே விடுதலை பெற்றோருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை அளிக்கப்பட்டதாலும், பள்ளிகள் பிரான்சின் வரலாற்றையே மாணவரின் சொந்த வரலாறாகக் கற்பித்ததாலும், படித்தோர் பலர் தம்மைப் பிரெஞ்சுக்காரராகவே எண்ணி, ஆப்பிரிக்காவைத் தமக்குத் தொடர்பில்லாத நிலமாகக் கருதினர். 1931இல் அத்தீவிலிருந்து பாரிசுக்குப் படிக்கச் சென்ற எமே செசேர், செனகல் நாட்டு மாணவரான லெயோபோல்ட் செங்கோரை அங்கே சந்தித்தார். காலனி ஆட்சி வெவ்வேறு படிநிலைகளில் வைத்திருந்த இவ்விருவரையும் தலைநகரின் தெரு ஒரே நிறத்தினராக மட்டுமே கண்டது.

பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பயின்ற மார்த்தினிக் பெண்மணி பொலெட் நர்தால், 1932இல் எழுதிய கட்டுரையில் கறுப்பின மாணவரிடையே எழுந்த இன உணர்வை ஆராய்ந்து, பெருநகரில் தனித்து வாழ்ந்த மாணவியரே ஆடவருக்கு முன்னதாக அதனை உணர்ந்தனர் என்று சுட்டினார். செசேரும் செங்கோரும் பிரெஞ்சு கயானாவின் லெயோன் தமாவும் வளர்த்த நெக்ரித்யூத், அதாவது கறுப்பினப் பண்பாட்டின் மதிப்பை ஏற்று முழங்கிய இயக்கம், பாரிசின் இச்சூழலில்தான் வேரூன்றியது. அவ்வியக்கத்தின் பெருமை மூவரோடு முடிந்துவிடாமல், அதற்கு வழியமைத்த பெண்களையும் சேர வேண்டும்.

எனினும் பிறர் பார்வைக்கு மறுமொழியாக எழும் அடையாளமும் ஆய்வுக்கு அப்பாற்பட்டதன்று. லியோன் நகரில் மருத்துவம் பயின்ற மார்த்தினிக்கின் ஃபிரான்ஸ் ஃபனான், 1952இல் வெளியிட்ட ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ என்னும் நூலில், நெக்ரித்யூத் அளித்த வலிமையை உணர்ந்தும், பழம்பெருமைக்குள் தம்மை அடைத்துக்கொள்ள மறுத்தார்.

ஆகவே அயல்நாட்டுக் கல்வி அடையாளத்தை அழிக்கிறது என்பதும் உண்மையான அடையாளத்தை மீட்டுத் தருகிறது என்பதும் ஒருபுடைக் கூற்றுகளே. அது செய்வது, அடையாளத்தை வகுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை வெளிப்படுத்துவதாகும். கட்டுரை வழங்கும் அறிஞர்கள் இவ்வினாவை மையமாகக் கொண்டு, இதுவரை போதிய அளவு கேட்கப்படாத மாணவியரின் சான்றுகளுக்கும் உரிய இடம் அளிக்குமாறு வேண்டி, இக்கருத்தரங்கு தொடங்கி வைக்கப்படுகிறது.