அடுத்த வீட்டுச் சத்தம்

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தையும் போனஸையும் விட்டுவிட்டுக் கதவைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போகிறவனுக்கு உறக்கமும் கூலியைச் சேர்ந்ததே. குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் அழுத்தமாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் தளரும். ஆகவே பால்வெட்டுக்காரர் முன்னிரவிலேயே படுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த வீட்டில் ரேடியோ பாடும். அதற்கடுத்த வீட்டில் பிள்ளை அழும். கடைசி வீட்டில் கள்ளுக்கடையிலிருந்து திரும்பியவர் உலகத்துக் கணக்கையெல்லாம் தீர்ப்பார்!

பகாவ், ரெம்பாவ், ரந்தாவ் பக்கத்துப் பழைய லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நம்மில் உண்டு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. பல லயங்களில் அது கூரை வரை போகாது. தகரத்தின் சூடு தணிய மேலே திறந்து விட்டிருப்பார்கள். சூடு தணிந்ததோ இல்லையோ, ஒரு வீட்டுப் பேச்சு வரிசை முழுவதற்கும் பொதுவாயிற்று. புதிதாக மணம் முடித்தவர்கள் ஜாடையில் பேசினார்கள். பிரசவ வலியிலும் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். பரீட்சைக்குப் படித்த பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு படித்தது. இதை யாரும் ஒரு குறையாக எழுதிக் கொடுத்ததில்லை. லயம் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

அப்படித்தான் இருக்க வேண்டுமா? சத்தம் காற்றின் அதிர்வு. காற்று நுழையும் வழியில் அதுவும் நுழையும். வழி அடைபட்டால் சுவரையே அசைத்துத்தான் அப்பால் போக வேண்டும். கனமான சுவரை அசைப்பது கடினம். சுவரின் எடையை இரட்டித்தால் சத்தம் சுமார் 5 அல்லது 6 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தால் நம் காதுக்குப் பாதியாகக் கேட்கும்.

ஆனால் கனம் மட்டும் போதாது. 100 சதுர அடித் தடுப்பில் மேலே 10 சதுர அடி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதியைக் கருங்கல்லால் கட்டினாலும் 10 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. திறப்பை 1 சதுர அடியாகச் சுருக்கினால் 20 டெசிபல் வரை தடுக்கலாம். காசு கொட்டிச் சுவர் எழுப்பிவிட்டு மேலே திறந்து விடுவது ஓட்டை வாளியில் பால் எடுப்பது போலத்தான்.

கதவுக்கும் இதே கணக்கு. 7 அடி உயரம், 3 அடி அகலம் உள்ள கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால் அது எட்டில் ஒரு சதுர அடி. அந்தச் சிறு சந்து போதும், எப்பேர்ப்பட்ட கதவும் 22 டெசிபலோடு நின்றுவிடும். சத்தம் தடுக்கும் கதவு என்று விற்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. உள்ளே பொள்ளல் இல்லாத கனமான கதவு. சட்டத்தைச் சுற்றி நெருக்கிப் பிடிக்கும் ரப்பர் பட்டை. சாத்தியதும் தரையோடு படியும் அடிப்பட்டை. அவ்வளவே. ஒலிப்பதிவு அறைகளில் இத்தகைய கதவு இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு வைப்பதுண்டு. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். அது அறைக்குள் எதிரொலியைத்தான் சற்றுக் குறைக்கும். அடுத்த வீட்டுக்காரர் குரலை நிறுத்தாது.

ரப்பர் பட்டை என்றோம். இன்று அதில் பெரும்பகுதி செயற்கை ரப்பர்தான். ஆனாலும் அதிர்வை அடக்குவதில் மரத்து ரப்பருக்கு ஒரு பெயர் உண்டு. 1966-ல் லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பார்க் பாதாள ரயில் நிலையத்தின் மேல் ஆல்பனி கோர்ட் என்ற அடுக்குமாடியைக் கட்டினார்கள். கீழே ஓடும் ரயிலின் அதிர்வு மேலே ஏறாதிருக்க அந்தக் கட்டடத்தையே இயற்கை ரப்பர் மெத்தைகளின்மேல் நிறுத்தினார்கள். ரயிலுக்கு மேலே இருப்பவர் உறங்க ரப்பர் உதவிற்று. ரப்பர் மரத்தடியில் இருந்த நமக்குத்தான் தூக்கமில்லை!

அதே 1966-ல் இங்கே தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-ல் புதுச் சட்டம் வந்து, 2019-ல் திருத்தப்பட்டது. இன்று லயத்தை விட்டுப் பலர் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். தோட்டத்து விடுதிகளில் நேப்பாளம், வங்காள தேசம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இருட்டில் எழுகிறவர்களே.

செலவில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. பழைய சைக்கிள் டியூபைக் கீறிப் பட்டையாக்கிக் கதவின் அடியில் ஆணியடிக்கலாம். பலகைச் சந்துகளை மக்கு வைத்து அடைக்கலாம். ஆனால் ஒன்று, தடுப்பை மூடினால் வெளிச்சுவரில் ஜன்னலும் காற்றுத் துவாரமும் இருந்தே ஆக வேண்டும். மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டுவது உயிருக்கு ஆபத்து.

மற்றதை நிர்வாகம்தான் செய்ய வேண்டும். ஆகவே வீடு பழுதுபார்க்கும் பட்டியல் எழுதும்போது, ஒழுகும் கூரை, உடைந்த குழாய் என்பவற்றோடு, "தடுப்பைக் கூரை வரை ஏற்றவும், வெளிச்சுவரில் காற்றுத் துவாரம் வைக்கவும், கதவுகளுக்கு ரப்பர் பட்டை போடவும்" என்ற மூன்று வரிகளையும் சேர்த்து எழுதும்படி கிராணிமார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.