இரண்டாம் வேற்றுமையில் கருவி



தொல்காப்பியர் வேற்றுமையியலில் வினைமுதலையும் கருவியையும் மூன்றாம் வேற்றுமைக்கு உரியனவாக வைக்கிறார். வாளால் வெட்டினான் என்னும்போது வாள் கருவி. நம் கவிதையும் பெரும்பாலும் கருவியை இந்த மூன்றாம் வேற்றுமையிலேயே கண்டிருக்கிறது. ஏரால் உழுதவன், வாளால் வென்றவன், உளியால் செதுக்கியவன் எல்லாரும் பாடப்பெற்றனர். வாளைச் செய்தவனுக்கோ வாள் செயப்படுபொருள். அது இரண்டாம் வேற்றுமை. அந்த மனிதனைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

சங்கப் புலவர் அவனை மறக்கவில்லை. வேலைச் செய்து தருவதைக் கொல்லனின் கடமையாகப் பொன்முடியார் பாடினார். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலங்கள் நெய் பூசி மாலை சூடி இருப்பதையும், அதியமானின் படைக்கலங்கள் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒருங்கே காட்டினார். உழைத்த கருவி, செய்தவனிடமே திரும்பி வரும் என்பதை அறிந்த பார்வை அது. பிற்காலத்தில் நாம் அவ்வளவு கூர்மையாகப் பார்க்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய நம் காசி விசுவநாதர் கோயில் தூண்களின் முன் நின்று சிற்பியை வியக்கிறோம். கல்லில் உளி விரைவில் மழுங்கும். அதைக் காய்ச்சித் தட்டி, தோய்த்துக் கூரேற்றித் தரும் கொல்லனின்றிச் சிற்பியின் கை ஓடாது. அவனை யார் நினைக்கிறார்கள்?

அக்கொல்லனின் இன்றைய வழித்தோன்றலைத் தொழிற்கூடங்களில் 'டூல் மேக்கர்' என்பர். டாட்டா குழுமமும் டிட்கோவும் கூட்டாக 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் ஓசூர்த் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். 2002இல் அந்நிறுவனம் வெளியிட்ட 'எட்ஜ்' கைக்கடிகாரத்தின் முழுத் தடிப்பு 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் பொறியின் தடிப்பு 1.15 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய பொருளின் உறுப்புகள் ஆயிரக்கணக்கில் ஒன்றுபோல் வரவேண்டுமானால், அவற்றுக்கு முன்பே அச்சும் வெட்டுக்கருவியும் அதனினும் நுட்பமாகப் பிறந்திருக்க வேண்டும்.

தகட்டில் துளையிடும் கருவியையே எடுத்துக்கொள்வோம். மேலிருந்து இறங்குவது பஞ்ச்; கீழே அதை ஏற்பது டை. இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டுக்கு அது பக்கத்துக்கு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், நம் தலைமயிரின் தடிப்பை ஒட்டிய அளவு. இடைவெளி குறைந்தால் விளிம்பு விரைவில் தேயும். மிகுந்தால் தகட்டில் பிசிறு நிற்கும். எஃகைக் காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும். ஆனால் அளவும் வடிவும் சற்றே மாறும். ஆகவே முன்கூட்டியே சிறிது மிச்சம் விட்டு, பிறகு சாணையில் அரைத்து அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். எவ்வளவு விடுவது என்பது நூலிலும் உண்டு, அனுபவத்தில்தான் முதிர்கிறது.

என்னை மிகவும் ஈர்த்த செய்தி ஒன்று உண்டு. அளவெடுப்பதற்கென உலகம் ஏற்றுள்ள வெப்பநிலை 20 டிகிரி செல்சியசு. 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டின் வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் அது ஏறத்தாழ 11 மைக்ரான் நீளும். கையில் வைத்திருந்தாலே அளவு பொய்த்துவிடும்! ஆகவே செய்து முடித்த பொருளை உடனே அளக்காமல், ஆறும்வரை தொடாது காத்திருக்கிறார்கள். எழுதிய மையின் ஈரம் காயுமுன் கவிதையை அச்சுக்கு அனுப்பும் நமக்கு இது சற்று உறைக்கும்.

இன்று கணினி வழி இயங்கும் பொறிகள் வெட்டுகின்றன. மின்பொறியால் எஃகை அரிக்கும் கம்பிகளும் வந்துவிட்டன. ஆயினும் கருவியைப் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, குறை எங்கே என்று கண்டு சொல்ல மனிதனே வேண்டும். அவன் சொற்கள்? மேசையில் அமர்ந்து ஆக்கிய கலைச்சொற்களைவிடப் பட்டறையில் வழங்கும் 'பிசிறு' எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. அதை எந்தக் கவிதையிலும் இப்பொருளில் நான் கண்டதில்லை.

இது இயலாததன்று. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், குறவஞ்சியில் சிங்கனையும் நூவனையும் கண்ணி வைக்கச் செய்தார். பறவை பிடிப்பவனின் கருவியும் சொல்லும் அறியாமல் அப்பகுதி அமைந்திராது. நம் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்து ஓசூருக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் செல்கிறார்கள். ஊர் வந்தால் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். என்ன செய்கிறாய் என்று கேட்பதில்லை.

சாரல் காலத்தில் அவர்களுள் சிலர் விடுப்பில் வருவார்கள். அப்போது நடக்கும் நம் கூட்டத்தில் ஒருவரை மேடையேற்றி, ஒரு மணி நேரம் அவர் வேலையைச் சொல்லக் கேட்போம். கவிஞர்கள் முன்வரிசையில் குறிப்பேட்டுடன் அமரவேண்டும் என்பது என் வேண்டுகோள்.