பழைய ஜீப்பும் பத்தாம் வகுப்பு அறிவியலும்

(அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய ஜீப்பைப் பிரித்துச் சீர்செய்து ஓட வைத்த அனுபவத்தையும், அதில் வகுப்பறைக்குப் பயன்படக்கூடியது ஏதேனும் உண்டா என்பதையும் பேசுமாறு பயிற்சி ஒருங்கிணைப்பாளர் கேட்டுக்கொண்டார். உண்டு என்பதே என் பதில். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நாம் நடத்தும் இயற்பியலில் பெரும்பகுதி அந்த வண்டியில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, பழுதைக் கண்டறியும் முறை ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகளின் கற்றல் இடர்ப்பாடுகளைக் கண்டறியவும் அது உதவும்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1968ஆம் ஆண்டு மஹிந்திரா சி.ஜே.3பி. இதன் மூதாதை இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து அமெரிக்கப் படைக்காக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்தவையே 'சிவிலியன் ஜீப்' எனப்படும் சி.ஜே. வரிசை வண்டிகள். 1953இல் வில்லிஸ் வெளியிட்ட 3பி, உயரமான புதிய இன்ஜினை உள்ளே வைப்பதற்காகவே பானட்டை உயர்த்திக் கட்டப்பட்ட வண்டி. நம் நாட்டில் மஹிந்திரா நிறுவனம் இந்த அமைப்பைப் பல ஆண்டுகள் தயாரித்தது. அரசுத் துறைகளிலும், காப்பி, தேயிலைத் தோட்டங்களிலும், சாலை சரியில்லாத மலைக்கிராமங்களிலும் ஓடிய இந்த வண்டியைப் பார்க்காதவர்கள் இந்த அரங்கில் குறைவாகவே இருப்பீர்கள்.

காப்பித் தோட்ட உரிமையாளர் ஒருவரிடம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஓடாமல் நின்றிருந்த வண்டியை வாங்கினேன். இதுபோன்ற வண்டியைத் தேடுவோருக்கு ஒரு சொல். பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். அதிலுள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கழற்றும் முன் குறிப்பெடுத்தல்

ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் மட்டும் செய்த வேலை. இரண்டரை ஆண்டுகள் ஆனது. இப்படி விட்டுவிட்டுச் செய்யும்போது, ஆறு மாதத்துக்கு முன் கழற்றிய போல்ட் எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் இரண்டு பக்கத்திலிருந்து படம் எடுத்தேன். கழற்றிய நட், போல்ட், வாஷர்களைத் தனித்தனி உறையில் போட்டு இடம், தேதி, எண்ணிக்கை எழுதினேன். ஒயர்களின் இரு முனையிலும் ஒரே எண் ஒட்டினேன். வகுப்பில் சோதனைக் குறிப்பேடு எழுதச் சொன்னால் 'எதற்கு சார்?' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இப்போது அந்த உறைகளைத்தான் காட்டுகிறேன்.

அடுத்தது, திருகு மறுக்கும் நட்டுகள். பத்தாம் வகுப்பு முதல் பாடத்தில் விசையின் திருப்புத்திறன் வருகிறது. 90 நியூட்டன் மீட்டர் தேவைப்படும் ஒரு நட்டுக்குக் கால் மீட்டர் நீள ஸ்பேனரில் 360 நியூட்டன் விசை வேண்டும். அரை மீட்டர் குழாயை மாட்டினால் 180 நியூட்டன் போதும். கணக்கு சரிதான். ஆனால் துருவேறிய போல்ட் அந்தத் திருப்புத்திறனில் முறிந்துபோகலாம். எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்து, பெட்ரோல், எண்ணெய் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் நட்டை மட்டும் சூடாக்கினால், அது விரிந்து பிடியைத் தளர்த்துகிறது. வெப்ப இயற்பியல் பாடத்தில் நாம் நடத்தும் வெப்ப விரிவு இதுதான்.

இன்னொரு செய்தி பலருக்கும் புதிதாக இருக்கும். வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடப்புரி மரை இருக்கும். சக்கரம் சுழலும்போது நட் தானாகத் தளரக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வழக்கம்போல் கழற்றுவதாக நினைத்துத் திருப்பினால் அது மேலும் இறுகும். கூடுதல் பலம் கொடுப்பவர் கையில் ஸ்டட் முறிந்து வரும். மரை எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு கணம் உற்றுப் பார்த்தால் போதும், பலமே தேவையில்லை.

துருவும் சலவைச் சோடாவும்

ஜீப்பின் உடல் பெரும்பாலும் தட்டையான தகடுகள் என்பதால் டிங்கரிங் வேலை கார்களைவிட எளிது. வேலையைத் தொடங்கும் முன் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உடல் முழுதும் நகர்த்திப் பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். அங்கே மட்டும் வெட்டி, புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தால் போதும்.

சிறிய பாகங்களின் துருவை மின்னாற்பகுப்பு முறையில் எடுத்தேன். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு சிறு கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பழைய இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சில மணி நேரத்தில் சிவப்புத் துரு கறுத்து, பிரஷ்ஷால் தேய்த்தால் உதிரும். பள்ளியில் இதை ஒரு பழைய கதவுக் கீலை வைத்துச் செய்து காட்டலாம். மூன்று எச்சரிக்கைகள்: ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளியில் செய்ய வேண்டும், அருகில் தீ கூடாது. நேர்முனையில் எவர்சில்வர் பொருளை வைக்கக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் உண்டாகும். வெளியே எடுத்த பாகத்தை உடனே உலர்த்தி பிரைமர் பூச வேண்டும். இல்லையேல் சிறிது நேரத்திலேயே புதுத்துரு படியும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். காலியான பெட்ரோல் டேங்கில் ஒருபோதும் வீட்டில் வெல்டிங் வைக்கக் கூடாது. திரவம் இல்லாவிட்டாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

மூன்றாவது சிலிண்டர்

இனி இன்ஜினுக்கு வருகிறேன். சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஹாண்டிலால் மெல்லச் சுற்றி, பெட்ரோல் வழிகளைச் சுத்தம் செய்த பின் இன்ஜின் உயிர்பெற்றது. ஆனால் மூன்று சிலிண்டரில் மட்டுமே ஓடியது. உடல் முழுக்க நடுங்கியது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனை சொன்னார்கள்: "பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிக் காயலான் கடையில் போடுங்கள், ஒரு டீசல் இன்ஜினை ஏற்றிவிடுங்கள்." நம் ஊரில் ஏராளமான ஜீப்புகளுக்கு அதுதான் நடந்திருக்கிறது.

எங்கள் ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர். அவரை அழைத்து வந்தேன். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். திடப்பொருளில் ஒலி நன்றாகக் கடத்தப்படும் என்று நாம் கரும்பலகையில் எழுதுவதை அவர் தினமும் பயன்படுத்துகிறார். பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி, கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அளந்தார். 110, 105, 60, 108. மூன்றாவதில்தான் குறை.

நான் "பிஸ்டன் ரிங் போயிருக்குமா அண்ணே?" என்று கேட்டேன். "குறையுதுன்னு மட்டும்தான் சார் இது சொல்லும். ஏன் குறையுதுன்னு சொல்லாது" என்றவர், அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து, அழுத்தம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. அப்படியானால் காற்று வால்வு வழியாகவோ ஹெட் கேஸ்கெட் வழியாகவோ போகிறது. கேஸ்கெட் இரண்டு சிலிண்டர்களுக்கு இடையே போயிருந்தால், பக்கத்துச் சிலிண்டரிலும் குறைந்திருக்கும், அங்கே குறையவில்லை. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். கேஸ்கெட் நன்றாக இருந்தது. இந்த இன்ஜினில் உள்ளிழுக்கும் வால்வு மேலே ஹெட்டிலும், வெளியேற்றும் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும். வெளியேற்றும் வால்வின் விளிம்பு தீய்ந்திருந்தது. ஒரு புது வால்வு, கிரைண்டிங் பேஸ்ட், இருக்கையில் பொருந்தும்வரை கையால் தேய்த்த ஒரு முற்பகல். இன்ஜின் நான்கு சிலிண்டரிலும் ஓடியது. தூக்கிப் போடச் சொன்ன இன்ஜினின் பழுது ஒரே ஒரு வால்வில் இருந்தது.

இன்ஜினைக் காப்பாற்றியதில் சட்டப்படியும் ஒரு பயன் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவு செய்து 50 ஆண்டுகளைக் கடந்த, பெருமளவு மாற்றியமைக்கப்படாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்ட இயலாது. இன்ஜினை மாற்றியிருந்தால் அந்த வாய்ப்பையே இழந்திருக்கக் கூடும்.

வகுப்பறையில்

ஜீப்பைப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. சுத்தம் செய்த பாகங்களும் கையேட்டிலுள்ள எண்களும் போதும். சிலிண்டரின் விட்டம் 7.94 செ.மீ., பிஸ்டன் நகரும் நீளம் 11.11 செ.மீ., சிலிண்டர் நான்கு. உருளையின் கன அளவைக் கண்டுபிடிக்கச் சொன்னால் சுமார் 2,200 கன செ.மீ. வரும். '2.2 லிட்டர் இன்ஜின்' என்பதன் பொருள் அப்போது விளங்கும். முதல் கியர் விகிதம் 2.798, டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலை 2.46, அச்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் 37 முறை சுற்றுகிறது. சேற்றிலிருந்து வண்டி மெல்ல ஏறி வருவதன் காரணம் அந்தப் பெருக்கலில் இருக்கிறது. பிரேக் பெடலை மிதித்தால் நான்கு சக்கரமும் பிடிப்பதை ஒன்பதாம் வகுப்புப் பாஸ்கல் விதியோடு சேர்த்து நடத்தலாம்.

ஒன்பதாம் வகுப்பு அளவீடு பாடத்துக்கு டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் செட்டையும் ஓர் ஆக்சா பிளேடையும் எடுத்துச் சென்றேன். மெக்கானிக்குகள் பலர் பாயின்ட் இடைவெளியை ஆக்சா பிளேடு வைத்துத்தான் சரிசெய்வார்கள். கையேடு சொல்லும் இடைவெளி சுமார் 0.5 மி.மீ. பிள்ளைகள் திருகு அளவியால் பிளேடை அளந்தார்கள், 0.63 மி.மீ. வந்தது. "அப்போ மெக்கானிக் தப்பா வைக்கிறாரு சார்" என்றது வகுப்பு. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். மெல்லக் கற்போர் பட்டியலில் இருப்பவன்; அப்பா டிங்கர் பட்டறையில் வேலை பார்க்கிறார். "சார், பிளேடு உள்ள நுழையக் கூடாது. வாயில வந்து இடிச்சு நிக்கணும். அதான் அளவு" என்றான். பிளேடைவிடக் குறைந்த இடைவெளி என்பதை அவன் தெளிவாகச் சொல்லிவிட்டான். வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்தது.

அடுத்த தேர்வில் அவன் முதல் மதிப்பெண் எடுத்துவிடவில்லை. ஆனால் திருகு அளவியின் அளவீட்டைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை அவனிடம் தந்தேன், செய்தான். அவனுக்கு அளவீடு தெரியாமல் இல்லை, கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்வதில்தான் தடை என்று அதன் பிறகே எனக்குத் தெரிந்தது. இப்போது வாசிப்புக்குத் தனியே நேரம் ஒதுக்குகிறோம்.

ஆசிரிய நண்பர்களே, நம் மதிப்பெண் பட்டியல் அந்தக் கம்ப்ரஷன் கேஜ் போன்றது. எந்தப் பிள்ளையிடம் குறை என்று சொல்லும்; ஏன் என்று சொல்லாது. அதற்கு எண்ணெய் விட்டுப் பார்ப்பது போன்ற இரண்டாவது சோதனை வேண்டும். தொடக்கப் பள்ளியிலும் இதைச் செய்யலாம். கழித்தல் கணக்கில் தவறும் குழந்தையிடம் அதே கணக்கை நாம் வாய்விட்டு வாசித்துக் காட்டுவோம். விடை சரியாக வந்தால் குறை வாசிப்பில். வராவிட்டால் இடமதிப்பையோ கழித்தல் முறையையோ பார்க்க வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையறிந்த பிறகு கற்பிப்பதும் இந்த நோக்கில்தான். நிலையறிந்ததோடு நிறுத்தாமல் காரணத்தையும் அறிவோம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் பள்ளிக்கு அருகிலும் ஒரு பட்டறை இருக்கும். அங்கே வேலை செய்பவர்களில் ஒருவரை, ஒரு பாகத்தோடு ஒரு பாடவேளைக்கு அழைத்து வாருங்கள். உங்கள் வகுப்பில் அவர் வீட்டுப் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இருக்கலாம். தனக்குத் தெரிந்ததும் பாடம்தான் என்று அந்தப் பிள்ளை அன்று அறிந்துகொள்ளட்டும்.