மேசைக் கணினியா? மடிக்கணினியா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதலே வழக்கம். அதற்குரிய புலவர் பெருமக்கள் இங்கே வீற்றிருக்கின்றனர். நாமோ பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, பயணிகளின் பெயரையும் வயதையும் தட்டித் தட்டியே விரல் தேய்ந்தோம். எனினும், “தாங்கள் நாள்தோறும் கணினியோடு பழகுபவராயிற்றே, பிள்ளைகட்கு எந்தக் கணினி வாங்குவது என்பதைப் பற்றிப் பேசுங்கள்” என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ஜூன் திங்கள் பிறந்தால் நம் விவேக் நகரில் வீட்டுக்கு வீடு எழும் வினா அதுவே. ஆதலால் மறுக்க மனம் வரவில்லை. பேசுவதற்கு எமக்குத் தகுதி ஒன்று உண்டு. இதே செய்தியில் நாம் ஒருமுறை பிழை செய்தவர்கள். அதனையும் மறையாது சொல்வோம்.

முதற்கண் இவ்விரு கருவிகளின் பிறப்பைச் சிறிது அறிவோம். மேசைக் கணினி பாட்டன், மடிக்கணினி பேரன் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அலுவலகங்களில் மேசைக் கணினியை நிலைபெறச் செய்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘பி.சி.’ 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், தூக்கிச் செல்லத்தக்க கணினி என்னும் பெயரோடு ‘ஆஸ்பர்ன் 1’ அமெரிக்காவில் வந்துவிட்டது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையோ வெறும் 5 அங்குலம். மின்கலமும் அதனுள் இல்லை. சுவரிலிருந்து மின்சாரம் கிடைத்தாலன்றி அதற்கு உயிரில்லை. அதனை மடியில் வைத்தால் மடி தாங்காது! ஆகவே இவை இரண்டும் ஒரே ஆண்டிற் பிறந்த உடன்பிறப்புகள் எனலாம். 1991-ஆம் ஆண்டு இலித்தியம் அயனி மின்கலம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது; அதன் பின்னரே மடிக்கணினி மெலிந்தது, நெடுநேரம் உழைக்கவும் கற்றது. அம்மின்கலத்துக்கு அடிகோலிய அறிஞர் மூவர்க்கு 2019-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் மடிக்கணினியின் விற்பனை மேசைக் கணினியின் விற்பனையை முதன்முறையாக விஞ்சியது.

உலகம் வாங்குகிறது என்பதற்காக நாமும் வாங்கிவிடலாமா? நம் வீட்டின் அளவும், நம் வருவாயின் அளவும், நம் மக்களின் தொகையும் உலகிற்குத் தெரியுமா?

எமது அலுவலகத்தையே சான்றாகக் காட்டுகின்றோம். இந்திய இரயில்வேயில் கணினி வழி முன்பதிவு 1985-ஆம் ஆண்டு புதுதில்லியில் தொடங்கியது. அன்று தொட்டு இன்றுவரை, முன்பதிவுச் சாளரத்தில் மேசைமீது நிலைத்திருக்கும் கருவியே ஆட்சி புரிகின்றது. காலையில் ஒருவர் அமர்வார். பிற்பகலில் மற்றொருவர் வருவார். ஆள் மாறுவர், மேசை மாறாது. அவரவர் தத்தம் கடவுச்சொல்லை இட்டு நுழைவர். பணி முடிந்ததும் வெளியேறுவர். ஒரு கருவியைக் கொண்டு பலர் பிழைக்கின்றோம். பயணி அதனைத் தேடி வருகின்றார். அது எவரையும் தேடிச் செல்லவேண்டியதில்லை. ஆனால் ஓடும் வண்டியிற் பெட்டி பெட்டியாக நடக்கும் பயணச்சீட்டு ஆய்வரை நோக்குங்கள். அவருக்கு அண்மை ஆண்டுகளிற் கையடக்கக் கருவி வழங்கியுள்ளனர். எம் சாளரத்துக் கணினியை அவர் தோளில் ஏற்றினால் அவர் நிலை என்னாகும்? அவர் கைக்கருவியை எம் மேசையிற் கட்டிப்போட்டால் எவர்க்கு என்ன பயன்?

இதிலிருந்து நாம் அறிவது யாது? ‘எக்கணினி சிறந்தது?’ என்பது பிழையான வினா. ‘வேலை எங்கே நடக்கின்றது? அதனை எத்தனை பேர் செய்யப்போகின்றனர்?’ என்பனவே கேட்கவேண்டிய வினாக்கள். இவ்விரண்டையும் கேளாமல் வாங்கியதே நாம் செய்த பிழை.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பள்ளிகள் மூடப்பட்டன; பாடமெல்லாம் திரைக்குள் வந்தன. எமக்கு மக்கள் இருவர். மூத்தவன் கல்லூரி வாயிலில் நின்றான். இளையவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். “மூத்தவனுக்குத்தான் இப்போது தேவை” என்று நாமே முடிவு செய்து, 38,000 ரூபாய்க்கு ஒரு மடிக்கணினியைப் பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கினோம். வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். சில திங்களில் கல்லூரி திறந்தது. மகன் விடுதிக்குச் சென்றான். மடிக்கணினியும் அவன் தோட்பையில் ஏறிச் சென்றது. தவணை மட்டும் வீட்டிலேயே இருந்தது.

இளையவள் தன் தாயின் அலைபேசியிற் படித்தாள். கட்டுரையும் செய்திட்டமும் எழுத நேர்ந்தால், கடைத்தெருவில் உள்ள கணினி நிலையத்துக்குச் சென்று, மணிக்கணக்கிற்குப் பணம் கொடுத்து எழுதினாள். ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஓரிரவு நாம் இரண்டாம் முறைப் பணி முடித்து வீடு திரும்பிய வேளையில், கீறல் விழுந்த அலைபேசித் திரையைக் கண்ணருகே வைத்துக்கொண்டு பாடத்தைக் குறிப்பேட்டிற் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தாள். எம்மைக் கண்டதும், “அப்பா, அண்ணன் விடுமுறைக்கு எப்போது வருவான்?” என்று கேட்டாள். அண்ணன்மீது எவ்வளவு அன்பு என்று எண்ணி நாம் நெகிழ்ந்தோம். “அவள் அண்ணனுக்காகக் கேட்கவில்லை, அவன் கொண்டுவரும் கணினிக்காகக் கேட்கின்றாள்” என்று எம் துணைவியார் பின்னர்ச் சொன்னபோதுதான் எமக்கு விளங்கியது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் எழுத்தர் நாம். விலையைக் கணக்கிட்டோம், வட்டியைக் கணக்கிட்டோம், அக்கருவியின் முன் அமரவேண்டியவர் எத்தனை பேர் என்பதைக் கணக்கிடவில்லை. குடும்பத்தின் பணத்தால் வாங்கிய ஒன்றை ஒருவனுக்கு மட்டும் உரியதாக்கிவிட்டோம். அதிலும், பெண் பிள்ளை பொறுத்துக்கொள்வாள் என்னும் எண்ணம் எம் நெஞ்சின் மூலையில் இருந்ததை இம்மேடையில் ஒப்புக்கொள்கின்றோம்.

அடுத்த வார ஓய்வு நாளில், மகளையும் அழைத்துக்கொண்டு நகரச் சந்தைக்கு அருகிலுள்ள எஸ்.பி. சாலைக்குச் சென்றோம். கணினி உறுப்புகட்குப் பெங்களூரில் அதனினும் பேர்பெற்ற தெரு இல்லை. அலுவலகம் ஒன்றிற் பயன்பட்டுக் கழிந்த மேசைக் கணினி, திரை, விசைப்பலகை, சுட்டி, யு.பி.எஸ். ஆகிய அனைத்தும் சேர்ந்து 17,000 ரூபாய்க்குள் முடிந்தன. கூடத்தின் ஒரு மூலையில் மேசை போட்டு வைத்தோம். மாலையில் மகள் படித்தாள். இரவில் துணைவியார் மின்கட்டணம் செலுத்தக் கற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாமும் அமர்ந்தோம். யாருடையது என்னும் வழக்கே எழவில்லை, அது வீட்டினுடையது.

இனி, வாங்க விழைவோர்க்குச் சில குறிப்புகளைச் சொல்கின்றோம்.

பழுது: மேசைக் கணினியில் விசைப்பலகை கெட்டால் விசைப்பலகையை மாற்றலாம், நினைவகம் போதாவிட்டால் கூட்டலாம், திரை போனால் வேறு திரை இணைக்கலாம். மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர்க் கூட்ட இயலாது. ஆதலின் மடிக்கணினி வாங்குவோர் தொடக்கத்திலேயே போதிய நினைவகம் உள்ளதாகப் பார்த்து வாங்குக. அதன் மின்கலமும் சில நூறு முறை நிறைந்து ஒழிந்தபின் ஆற்றல் குன்றும். அதனை மெத்தைமேல் வைத்து இயக்குவோர் பலர். காற்று புகும் துளைகள் அடைபட்டு உள்ளே வெப்பம் மிகும். பலகைமேல் வைத்தலே நன்று.

மின்சாரம்: சித்திரை, வைகாசியில் இடியுடன் மழை பெய்தால் நம் தெருக்களில் மரக்கிளை முறிந்து கம்பிமேல் விழுவதும், விளக்கு அணைவதும் நாம் அறிந்தவையே. மடிக்கணினி அப்போதும் சில மணி நேரம் உழைக்கும். மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். வேண்டும்; அதுவும் எழுதியதைச் சேமித்து, முறையாக அணைப்பதற்கான சில நிமிடங்களையே தரும். திரையோடு சேர்ந்து 120 வாட் கொள்ளும் மேசைக் கணினி நாளொன்றுக்கு 4 மணி நேரம் இயங்கினால், முப்பது நாளில் 14.4 யூனிட் ஆகும். 40 வாட் கொள்ளும் மடிக்கணினிக்கு 4.8 யூனிட் போதும்.

உடல்நலம்: மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு ஏற்ப வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு ஏற்ப உயர்த்தினால் கை தூக்கி நிற்கும். நெடுநேரம் படிக்கும் பிள்ளைகள் அதனைப் புத்தக அடுக்கின்மேல் உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகையும் சுட்டியும் இணைத்துக்கொள்க. சில நூறு ரூபாய்ச் செலவு. கழுத்துக்குக் காலமெல்லாம் நன்மை.

பழையன வாங்குதல்: ‘விண்டோஸ் 10’ மென்பொருளுக்கு வழக்கமாக அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. ‘விண்டோஸ் 11’ மென்பொருளோ, இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்தே ஏற்கப்படுகின்றது. எனவே மலிவு என்று மயங்காது, செயலி எந்தத் தலைமுறை என்று கடைக்காரரைக் கேளுங்கள். எம் வீட்டுக் கணினி அதற்கும் முந்தியது. எம் மகள் அதில் லினக்ஸ் என்னும் கட்டணமில்லா மென்பொருளை ஏற்றி, இன்றும் ஓட வைத்திருக்கின்றாள்.

இவ்வளவும் கேட்டபின், ‘மேசைக் கணினிக்காக வழக்காட வந்தீரோ?’ என்று நீங்கள் வினவலாம். அன்று. பள்ளிப் பருவத்தில், பலர் வாழும் சிறு வீட்டிற்கு, பொதுவாக நிற்கும் மேசைக் கணினி நன்று. கல்லூரிப் பருவத்தில், வகுப்பிலும் விடுதியிலும் நூலகத்திலும் வேலை நடக்கும்போது மடிக்கணினி இன்றியமையாதது. அப்போது ஆணுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதி கூடாது என்பதே எம் வேண்டுகோள்.

தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கட்கு அடுத்துவந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டன. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்குவதாக 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையிலும் அவ்வரசு அறிவித்தது. அதில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. அத்திட்டம் ‘வீட்டுக்கு ஒன்று’ என்று கொடுக்கவில்லை. ‘மாணவர்க்கு ஒன்று’ என்று கொடுத்தது. அண்ணனுக்குக் கிடைத்தது தங்கைக்கும் கிடைத்தது. கருநாடகத்திற் பள்ளி பயிலும் நம் பிள்ளைகட்கு அத்திட்டம் எட்டாது. இங்கே அவர்கட்குத் தாயும் தந்தையுமே அரசு. அவ்வரசு ஓரவஞ்சனை செய்யலாமா?

தமிழ்ச் சங்கத்தில் நின்று தமிழைப் பற்றி ஒரு சொல் சொல்லாது முடித்தல் முறையன்று. நம் பிள்ளைகளிற் பலர் பள்ளியில் தமிழ் பயிலும் வாய்ப்பு அற்றவர்கள். அயலகத்திலும் வெளிமாநிலத்திலும் வாழ்வோர்க்கெனத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001-ஆம் ஆண்டு தோன்றியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகமாக இயங்குகின்றது. பாடங்களும் மின்னூல்களும் அங்கே கிடைக்கின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் பழந்தமிழ் நூல்களைக் கட்டணமின்றித் தருகின்றது. 1999-ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட ‘தமிழ் 99’ விசைப்பலகையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று ஆகிய 31 விசைகளையும் புள்ளி விசையையும் கற்றால் 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். எம் வீட்டுக் கூடத்தில் மகள் தட்ட, நாம் எழுத்துப்பிழை பார்க்க, இவ்வுரை அம்மேசைக் கணினியிலேயே உருப்பெற்றது.

எம் மகள் இப்போது பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கின்றாள். சென்ற திங்களில் அவளுக்கும் ஒரு மடிக்கணினி வாங்கினோம். அண்ணனுக்கு முதலாண்டிற் கொடுத்ததை அவளுக்கு மூன்றாம் ஆண்டிலேதான் கொடுக்க முடிந்தது. இடைப்பட்ட இரண்டாண்டுகள் எம் கணக்கேட்டிற் கடனாகவே நிற்கின்றன. நீங்கள் அக்கடனைப் பெறாதிருத்தல் வேண்டும். கடைக்குப் புறப்படுமுன், வீட்டிலுள்ள அனைவரையும் ஒருமுறை அமர வைத்து, யார்க்கு எது வேண்டுமென்று கேளுங்கள். வாய் திறவாத பிள்ளையை இருமுறை கேளுங்கள்.