ரயிலடியில் இறங்கிய கம்பிக்கட்டு

வெயில் ஏறுவதற்குள் பேச்சை முடித்துவிடலாம்.

எழுபதுகளின் கடைசி. விழுப்புரத்தில் ஓர் இரும்புக்கடை. கல்லூரி விடுமுறையில் அங்கே பேரேடு எழுத வந்தான் ஒரு வணிகவியல் மாணவன். கையில் துரு, காதில் பென்சில். ஜாம்ஷெட்பூர் கம்பிக்கட்டு இறங்கிய ஒருநாள், "இவ்வளவு தூரம் வர வாடகை எவ்வளவு முதலாளி?" என்று கேட்டான். "ஊருக்கெல்லாம் ஒரே வாடகைதான்டா. உலைக்குப் பக்கத்துல இருக்கிறவனும் இதையேதான் கட்டுறான்" என்றார் அவர். பையனுக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பையன்தான் இன்று நரைத்த தலையோடு இந்த மேடையில் நிற்கிறான்.

முதலாளி சொன்னது சரக்குக் கட்டணச் சமன் கொள்கை. ஐம்பதுகளிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம்வரை, நாட்டின் எந்த ரயிலடியிலும் எஃகு ஏறக்குறைய ஒரே விலை. சுரங்கத்தையும் உலையையும் மடியில் வைத்திருந்த பீகாருக்கும் வங்கத்துக்கும், பக்கத்தில் இருப்பதன் லாபம் போயிற்று. எஃகை வளைத்து, கடைந்து, பொருளாக்கும் பட்டறைகள் கடலோர நகரங்களில் பெருகின. காரணம் இது ஒன்றே அல்ல. ஆனாலும், 'எங்கள் இரும்புக்குச் சமவிலை, உங்கள் பருத்திக்கு மட்டும் ஏன் இல்லை?' என்ற கிழக்கின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

கொள்கை போனது, பட்டறைகள் திரும்பிப் போகவில்லை. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது, பாடியிலும் அம்பத்தூரிலும் உதிரிபாகம் செய்யும் கைகள் பழகித் தயாராக இருந்தன. இங்கிருந்து வடக்கே வண்டி போகிறது, அங்கிருந்து தெற்கே எஃகு வருகிறது. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையின் கணக்கில், மாநிலங்களுக்கிடையிலான சரக்கு வணிகம் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 54 சதவீதம்.

வரியும் ஆலையை இழுக்கும். விழுப்புரம் மாவட்டத்துக் குயிலாப்பாளையத்திலிருந்து சைக்கிளில் போனால் புதுச்சேரி எல்லை. வரிச்சலுகையை நம்பி அந்தப் பக்கம் முளைத்த ஆலைகள் பல. மாநிலம் தாண்டி விற்றால் விழும் மத்திய விற்பனை வரியைத் தவிர்க்க, நிறுவனங்கள் மாநிலத்துக்கொரு கிடங்கு வைத்த காலமும் இருந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது; வரி, பொருளைச் செய்யும் மாநிலத்தை விட்டு அதை வாங்கும் மாநிலத்துக்குப் போனது. உற்பத்தி மாநிலமான தமிழ்நாடு கவலைப்பட்டதில் வியப்பில்லை. ஆண்டுக்கு 14 சதவீத வரி வருவாய் வளர்ச்சியைக் கணக்கிட்டு ஐந்தாண்டு இழப்பீடு தர மத்திய அரசு ஒப்புக்கொண்டது.

பட்டம் பெறும் உங்களில் பலர் நாளை ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ பஸ் ஏறுவீர்கள். திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தும்போது, எதிரே வரும் லாரியின் நம்பர் பலகையைப் பாருங்கள். எந்த மாநிலம், உள்ளே என்ன சரக்கு என்று டிரைவரிடம் கேளுங்கள். கடை முதலாளியிடம் கேட்ட அந்தப் பையன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். நேற்று இங்கே வரும் வழியில் அவன் குடித்தது மூன்று டீ.