டீச்சர் அசையமாட்டார்

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் பிடிக்க வந்து மழைக்கு ஒதுங்கி, நாற்காலியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்ட அன்பர்களே! (சிரிப்பு)

வீடு, வேலை, கார்: குடும்பம் எப்படி முடிவெடுக்கிறது என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நாகர்கோவில்காரனிடம் கேட்டால் ஒரே கேள்விதான் கேட்பான்: "வண்டி எத்தனை மணிக்கு, அண்ணாச்சி?"

வீடு மாறுவது நமக்குப் புதுசா? 1795-இல் திருவிதாங்கூர் மன்னர் தர்மராஜாவே பத்மநாபபுரத்தை விட்டு இங்கே தலைநகரத்தை மாற்றினார். ராஜா கிளம்பினால் கணக்கனும் சமையற்காரனும் கிளம்பத்தானே வேண்டும்! அவன் வீட்டுப் பெண்ணிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? 1956 நவம்பர் 1, குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. போராடி வாங்கியது, தட்டுங்கள் கையை! (பலத்த கைதட்டல்) எல்லை மாறியது, பிழைப்புக்கு இங்கே வருவது மாறவில்லையே! 1979-இல் நாகர்கோவிலுக்கும் ரயில் வந்தது, 1990-இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் ஐ.டி. வளாகம் வந்தது. நாம் சீசன் டிக்கெட் எடுத்தோம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பேர் வேண்டாம். வீட்டுக்காரருக்கு டெக்னோபார்க்கில் வேலை. அந்த அம்மா குழித்துறைப் பக்கம் அரசுப் பள்ளி டீச்சர். களியக்காவிளை எல்லையைத் தாண்டி டிரான்ஸ்ஃபர் கிடைக்குமா? எந்த மந்திரி சிபாரிசு செய்தாலும் நடக்காது, வேறு சர்க்கார்! இவர் கழக்கூட்டத்தில் வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்து சொல்கிறார். டீச்சர் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே, "நீங்க போங்க. பிள்ளையும் நானும் இங்கதான்" என்றார். அட்வான்ஸ் போச்சு! போய்வர ஒரு கார் வந்தது. டி.என். 75, தமிழ்நாட்டுப் பதிவு. அதைக் கேரளத்திலேயே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பதிவை மாற்றணும், இங்கேயும் வரி கட்டணும். மனுஷன் குடிபெயர்ந்தாலும் வண்டி குடிபெயர அவ்வளவு பாடு!

பொதுப் போக்குவரத்தைப் பற்றிப் போன வாரம் ஒரு மேடையில் சிலர் முழங்கினார்கள். யாரென்று சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும். (சிரிப்பு) முழங்கிவிட்டு இறங்கி, "டிரைவர் எங்கே?" என்று தேடினார்கள். நாகர்கோவில் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று அவர்களிடம் கேளுங்கள். ஸ்டாண்ட் எந்தப் பக்கம் என்பார்கள்! (கைதட்டல்) கார் வாங்காதே என்று நமக்கு உபதேசம் வேறு! ஒற்றைப் பாதையில் கிராசிங்குக்காக ரயிலை நிறுத்திப்போட்டால், ஆபீசில் பாதி நாள் லீவு போகிறதே, அதை யார் கொடுப்பது? நீங்களா?

டீச்சரை விட்டுவிட்டேன். இப்போது அந்தக் கார் எங்கே தெரியுமா? காலையிலிருந்து ராத்திரி வரை குழித்துறை ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. வீட்டுக்காரர் அதை அங்கே போட்டுவிட்டு ரயிலேறுகிறார். அந்தக் குடும்பம் எங்கே இருப்பது என்று தீர்மானித்ததே டீச்சருடைய வேலைதான். ஆனால் டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறார்! கார் தவணையில் பாதி அவர் சம்பளம்!

அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். இரட்டை ரயில் பாதையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி வாசலில் ஒரு மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதாது. தாய்மார்கள் தனியாகப் போடுங்கள்.