சிரிக்க வைத்தவர்க்கு நாம் செய்யும் சிறப்பு

(ஒற்றசேகரமங்கலத்தில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் பேச வருவோர் தமிழின் தொன்மை பற்றியோ, குறளின் பெருமை பற்றியோ பேசுதல் மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெரியதன்று. நாள்தோறும் நம் வீட்டுக் கூடத்தில் நடப்பது. தொலைக்காட்சியில் பண்டிகை நாள்களில் வரும் கதம்ப நிகழ்ச்சிகளையும், நாடக மேடையிலும் நகைச்சுவையிலும் புகழ்பெற்ற கலைஞர்களுக்கு அங்கே செலுத்தப்படும் அஞ்சலிகளையும் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

“இதுவும் சங்கத்தில் பேசத்தக்க பொருளா?” என்று சிலர் எண்ணக்கூடும். மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் முதலாவதாக வைத்தது நகையையே. அழுகையும் வெகுளியும் பெருமிதமும் அதற்குப் பின்னரே வருகின்றன. நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று கூறி, எள்ளலையும் அவற்றுள் ஒன்றாக அவர் வைத்தார். ஆகவே, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், எதற்காகச் சிரிக்கிறோம் என்று ஆராய்வது நம் முன்னோர்க்குப் புதிய வேலையன்று.

நாம் வாழும் இவ்வூரும், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிச் சிற்றூர்களும் இரு மொழிகள் அருகருகே குடியிருக்கும் இடங்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு, இப்பால் கேரளம். ஆயினும், ஓணத்தன்று மலையாள நிகழ்ச்சியைப் பார்த்துச் சிரிக்கும் அதே குடும்பம், தீபாவளியன்று தமிழ் நிகழ்ச்சியைப் பார்த்துச் சிரிக்கிறது. நம் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் சிரிக்கக் கற்றவர்கள். இது நமக்கு வாய்த்த பேறு.

இம்மண் தந்த கலைஞர்கள் சிலரை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். அவ்வை சண்முகம் எனப் புகழ்பெற்ற தி. க. சண்முகம் 1912-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சிறுவராகச் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவில் சேர்ந்து, பின்னர்த் தம் உடன்பிறந்தாரோடு தனிக் குழு கண்டு, தமிழ்நாடெங்கும் நாடகம் வளர்த்தார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில், அந்நாள் திருவிதாங்கூர் அரசின் குடிமகனாகப் பிறந்தார். வில்லுப்பாட்டில் பழகி, சண்முகம் சகோதரர்களின் குழுவில் நடிகராகி, 1936-இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’ படத்தின் வழியே திரையுலகில் நுழைந்தார். எல்லைக் கோடு விழுமுன் பிறந்த இவர்களை எந்த மாநிலத்தவர் என்று பிரித்துரைப்பது?

ஒன்றைக் கருதிப் பாருங்கள். கலைவாணர் மறைந்தது 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள். இந்தியாவில் தொலைக்காட்சி முதன்முதலாகத் தில்லியில் தோன்றியது 1959 செப்டம்பரில். அவ்வை சண்முகம் மறைந்தது 1973-இல். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள். இருவரும் இரண்டிரண்டு ஆண்டு இடைவெளியில் அக்கருவிக்குத் தப்பிவிட்டனர். கலைவாணரைத் திரைப்படங்களில் காண்கிறோம். மேடையில் அவையோரின் முகத்தைப் பார்த்து அவர் அவ்வப்போது கட்டிச் சொன்ன சொற்களோ கேட்டவர்களோடு போயின.

பின்னர் வந்தவர்கள் நற்பேறு பெற்றவர்கள். ஒய்.ஜி. மகேந்திரன், எஸ்.வி. சேகர், காத்தாடி ராமமூர்த்தி முதலியோரின் நாடகங்களைச் சபாக்களுக்குச் செல்ல இயலாத குடும்பங்களும் தொலைக்காட்சியில் கண்டு களித்தன. திருவனந்தபுரம் நிலையம் 1985 சனவரி முதல் மலையாள ஒளிபரப்பைத் தந்தது. 1993-இல் தமிழிலும் மலையாளத்திலும் தனியார் அலைவரிசைகள் பிறந்தன. கொச்சிக் கலாபவனம் 1981-இல் மேடையேற்றிய பலகுரல் அணிவகுப்பு மலையாள நகைச்சுவைக்கே புதுவழி திறந்தது. தொலைக்காட்சி அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. தமிழில் 2005-இல் தொடங்கிய ‘கலக்கப் போவது யாரு’ போட்டியில் வென்ற இளைஞர் சிவகார்த்திகேயன் பின்னர் முன்னணித் திரை நடிகரானார். எளிய வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு மேடை கிடைத்தது. தொலைக்காட்சி செய்த இந்நன்மைகளை மறுப்பது நன்றியன்று.

ஆயினும் குறை மூன்று உள. அவற்றையும் சொல்லத்தான் வேண்டும்.

முதற்குறை, சிரிப்பைக் காட்டிச் சிரிப்பின் காரணத்தை விட்டுவிடுவது. அஞ்சலி நிகழ்ச்சியில் கலைவாணரின் படத்துக்கு மாலை சூட்டுவர். இரண்டு நிமிடக் காட்சியொன்றைக் காட்டுவர். அதற்குள் விளம்பரம் வந்துவிடும். 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யில் அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தை எடுத்துக்கொள்வோம். நந்தனார் கதையின் சாயலில் அமைந்தது அது. நந்தனார் தில்லைக்குச் செல்ல ஏங்கினார். கிந்தனோ கல்விக்கு ஏங்குகிறான். தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட சிறுவன் ஒருவன் படித்து உயரும் கதை அது. பாகவதர் போல் நின்று கலைவாணர் பாடும்போது நாம் சிரிக்கின்றோம். அச்சிரிப்புக்குள் ஓர் அறைகூவல் இருக்கிறது.

அது எங்கோ நடந்த கதையும் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நமக்கு அண்மையிலுள்ள ஊரூட்டம்பலத்தில், பஞ்சமி என்னும் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றார். அதனைப் பொறாதோர் பள்ளிக்கே தீ வைத்தனர். இன்று நம் பிள்ளைகள் பேருந்தில் கடந்து செல்லும் ஊர் அது. கிந்தனார் காட்சியைக் காண்கிற பிள்ளைக்கு ஊரூட்டம்பலத்தையும் எடுத்துச் சொன்னால், அக்காட்சி அவன் நெஞ்சில் நிற்கும். சொல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கையாய்க் கழியும். தொலைக்காட்சி இதைச் சொல்ல நேரம் ஒதுக்குவதில்லை. வீட்டில் உடன் அமர்ந்திருக்கும் நாமும் சொல்வதில்லை.

இரண்டாங்குறை, ஒரு கலைஞரை மொழியால் இரண்டாகப் பிளப்பது. நாகர்கோவிலில் பிறந்த சுகுமாரி அம்மையாரை நினையுங்கள். மலையாளப் படங்களில் அவர் நடித்த நகைச்சுவை வேடங்களை இங்கே அறியாதார் இல்லை. அவரே சென்னையில் சோ அவர்களின் நாடகக் குழுவில் தமிழ் மேடையில் நெடுங்காலம் நடித்தவர். 2003-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பின்னர்த் துணை நடிகைக்கான தேசிய விருதும் பெற்றார். அவ்விருதை அவருக்குத் தந்தது ‘நம்ம கிராமம்’ என்னும் தமிழ்ப் படம். 2013 மார்ச்சு 26-ஆம் நாள் அவர் மறைந்தபோது நம் வீடுகளில் இரு மொழி அஞ்சலிகளையும் பார்த்தோம். நாம் கண்ட ஒன்றில் தமிழ் மேடை இல்லை. மற்றொன்றில் மலையாளப் படங்களுக்கு ஒரு வரி. ஒரு வாழ்வின் இரு பாதியையும் சேர்த்து அறிந்தவர்கள் எல்லையில் வாழும் நம்மைப் போன்றோரே. அந்த அறிவை நாம் காக்காவிட்டால் வேறு யார் காப்பர்?

இவ்விடத்தில் நம் பேச்சு வழக்கு பற்றியும் ஒரு சொல். திருவனந்தபுரத்துத் தென்பகுதி வழக்கும் நாஞ்சில் நாட்டு வழக்கும் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் அடிக்கடி வருகின்றன. வாய் திறந்தாலே போதும், அவையோர் சிரிப்பர். அந்த வழக்கைச் சொந்தமாகப் பேசும் கலைஞர் அதனை மேடையேற்றும்போது அது பெருமை. சுராஜ் வெஞ்ஞாறமூடு திருவனந்தபுரத்து வழக்கால் சிரிக்க வைத்துப் புகழ்பெற்றார். பின்னர் ‘பேரறியாத்தவர்’ படத்தில் துப்புரவுத் தொழிலாளியாக நடித்து, 2013-ஆம் ஆண்டுக்கான தேசியச் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்து பெற்றார். ஆனால், நம் பேச்சை அறியாதார் அதனை அறிவிலியின் அடையாளமாகக் காட்டும்போது அது வெறும் எள்ளல். அதைக் கண்டு நம் பிள்ளை வெளியில் தன் தாயின் பேச்சைப் பேசக் கூசுவானாயின், இழப்பு நமக்கே.

மூன்றாங்குறை, திரையை எட்டியவர்க்கே சிறப்பு. அதுவும் பெரும்பாலும் மறைந்த பின்னரே சிறப்பு. இக்குறையைத் தொலைக்காட்சியின் மேல் மட்டும் சுமத்த நமக்கு உரிமையில்லை. ஏனெனில் அதே குற்றத்தை நாமும் செய்திருக்கின்றோம்.

நம் குடியிருப்பில் முதியவர் ஒருவர் இருந்தார். பகலெல்லாம் கூலி வேலை. திருவிழாக் காலத்தில் இரவெல்லாம் அரிதாரம். ஊர் நாடகங்களில் கோமாளி வேடம் கட்டுவார். வில்லுப்பாட்டில் குடம் அடித்துப் பின்பாட்டுப் பாடுவார், கதை சோர்வுறும் இடமறிந்து புலவரை மடக்கி ஒரு கேள்வி கேட்பார், கூட்டம் விழித்துக்கொள்ளும். தமிழில் தொடங்கிய வாக்கியத்தை மலையாளத்தில் முடித்து, இரு மொழியாரையும் ஒருங்கே சிரிக்க வைப்பார். அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று நம் செயற்குழு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தீர்மானித்தது. ஓராண்டு மழை தடுத்தது. ஓராண்டு பணம் தடுத்தது. மூன்றாம் ஆண்டு, தொலைக்காட்சியில் முகம் காட்டிய பலகுரல் கலைஞர் ஒருவரை அழைத்துவரக் கையிலிருந்த தொகை முழுவதையும் செலவிட்டோம். அவ்விழாவில் அம்முதியவர் கடைசி வரிசையில் அமர்ந்து, நம்மினும் உரக்கக் கைதட்டினார். அடுத்த விழாவுக்கு அவர் இல்லை.

இரங்கற் கூட்டம் நடத்தினோம். மேடையில் வைக்க அவர் வேடமிட்ட படம் ஒன்றைத் தேடினோம். எந்த வீட்டிலும் இல்லை. குடும்ப அட்டையில் இருந்த சிறு படத்தைப் பெரிதாக்கி வைத்தோம். அவர் பேத்தி, பள்ளியிற் படிக்கும் சிறுமி, எழுந்து கேட்டாள்: “தாத்தா மேடையில் என்ன சொல்லிச் சிரிக்க வைப்பார்?” நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வயிறு வலிக்கச் சிரித்தது எல்லார்க்கும் நினைவிருந்தது. அவர் சொன்ன சொல் ஒன்றுகூட ஒருவர்க்கும் நினைவில்லை. கலைவாணரின் காலத்தில் கருவி இல்லை. நம் காலத்தில் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் படம் பிடிக்கும் கைப்பேசி இருந்தது. அச்சிறுமிக்கு நாம் என்ன விடை சொல்ல இயலும்?

ஆகவே நம் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று: ஆண்டு விழா நிதியில் முதற்பங்கு உள்ளூர் மேடைக் கலைஞர் ஒருவர்க்கு உரியதாகட்டும். வெளியூர்க் கலைஞரை அழைப்பது அதன்பின் மிஞ்சுவதைக் கொண்டு. நிதி மிஞ்சவில்லையாயின் அவ்வாண்டு வெளியூரார் வேண்டா.

இரண்டு: இளைஞர்கள் நம்மிடையே உள்ள வில்லிசைக்காரர், கூத்தர், நாடக நடிகர் ஆகியோரை வீடு தேடிச் சென்று பதிவு செய்யட்டும். துண்டு துண்டாக வேண்டா. தொடக்கம் முதல் முடிவு வரை முழுமையாக வேண்டும். நாள், ஊர், கதையின் பெயர், உடன் நின்றவர் பெயர் ஆகியவற்றைக் குறிக்கட்டும். தமிழும் மலையாளமும் கலந்து வந்தால் திருத்தாமல் அப்படியே பதியட்டும்; அக்கலப்பே இவ்வூரின் முத்திரை.

மூன்று: வீட்டில் அஞ்சலி நிகழ்ச்சி ஓடும்போது பெரியோர் எழுந்து போகாதிருங்கள். பிள்ளை அருகில் அமர்ந்து, தெரிந்ததைச் சொல்லுங்கள். 1996-இல் வெளிவந்த ‘அவ்வை சண்முகி’ படம் தொலைக்காட்சியில் வரும்போது வீடே சிரிக்கிறது. அப்பெயரில் நினைக்கப்படுபவர், ஔவையார் வேடத்தால் அடைமொழி பெற்ற தி. க. சண்முகம் என்பதும், சிறுவயதில் கமல்ஹாசன் அவர் குழுவில் பயின்றவர் என்பதும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? நம் தலைநகரில் பிறந்த ஒருவர்க்குத் திரை செய்த சிறப்பு அது. அதனைச் சொல்லித்தர ஒரு நிமிடம் போதும்.

அன்பர்களே, இவ்வுரை முடிந்ததும் இம்மேடையில் வில்லுப்பாட்டு நிகழ இருக்கிறது. உடுக்கு அடிப்பவர், மறைந்த நம் முதியவரோடு பல ஆண்டு மேடையில் இருந்தவர். எழுபது வயதைக் கடந்தவர். இவ்வாண்டுப் பொன்னாடை அவருக்கே. அந்தப் பேத்தி இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். கையில் கைப்பேசி ஆயத்தமாக இருக்கிறது. அவளுக்கு மறைக்காமல் அமருங்கள். அவள் பதிவில் நம் சிரிப்பொலியும் சேரட்டும்.